நாற்பது நிமிட வேலைக்கு முப்பத்தொரு நாள்

கார்குழலி அக்காவுக்கு எதிரான குற்றக் குறிப்பாணையை டைப் அடித்தவள் நான்தான். அசல் ஒன்று, கார்பன் வைத்து மூன்று நகல். "தனக்கு ஒதுக்கப்பட்ட பணிக்கு அப்பாற்பட்ட செயல்களில் ஈடுபட்டது" என்ற வரியில் ஓர் எழுத்து தப்பாக விழுந்தது. வெள்ளை மை தடவி, காயும்வரை ஊதி, மறுபடி அடித்தேன். அவ்வளவு சிரத்தை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் ஆரம்பத்திலிருந்தே அவர் பக்கம் நின்றவள் என்று நினைத்துவிடுவீர்கள்.

1998இல் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு வருவாய்த் துறை அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். கார்குழலி அக்கா வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து வருவார். அலுவலக உதவியாளர் என்று பதிவேட்டில் இருக்கும். எல்லோரும் சொல்வது பியூன். அவருடைய அப்பா இதே துறையில் இரவுக் காவலராக இருந்து பணிக்காலத்தில் இறந்துபோனார். எட்டாம் வகுப்பு தேறியிருந்த மகளுக்குக் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை இது. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு, என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஆனால் நான் அவரை "குழலி, இங்க வா" என்பேன். அவர் என்னை "எல்சிம்மா, சொல்லுங்க" என்பார். நாற்காலியில் இருப்பவர் 'நீ' என்பார், ஸ்டூலில் இருப்பவர் 'நீங்க' என்பார். எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை, ஆனால் ஒருவரும் மீறியதில்லை.

அவருடைய வேலை காகிதத்தைத் தூக்குவது. பழைய மாடிக் கட்டடம். மனு வாங்கும் தபால் பிரிவு கீழே. எண் போடும் பதிவேடு மாடியில். கிராம நிர்வாக அலுவலர் கீழே, அவருக்கு மேலே விசாரிக்கும் வருவாய் ஆய்வாளர் மாடியில். கையெழுத்துப் போடும் தாசில்தார் அறை கீழே. அந்தக் கையெழுத்தின் மேல் குத்த வேண்டிய சீல் மறுபடியும் மாடியில், கண்காணிப்பாளரின் மேஜை இழுப்பறைக்குள். சான்றிதழைக் கையில் கொடுக்கும் ஜன்னல் கீழே, பின்பக்கம். ஏன் இப்படி என்று அங்கே யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. என் டைப்ரைட்டர் ஓர் இடத்தில்தான் இருந்தது.

அந்த ஜூன் மாதம் தங்கபுஷ்பம் வந்தார். முகத்துவாரக்குப்பத்தில் இருப்பவர், மீன் விற்பவர். மகள் சாண்ட்ரா பிளஸ் டூ முடித்து நர்ஸ் பயிற்சிக்கு மனு போட்டிருந்தாள். அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். தங்கபுஷ்பம் ஒன்பது முறை அலுவலகத்துக்கு வந்தார். ஒரு நாள் வந்தால் அன்றைய வியாபாரம் போச்சு. "நாளைக்கு வா", "ஐயா லீவு", "ரேஷன் கார்டு நகல் வைக்கல, வெச்சுக் குடு" என்று ஒவ்வொரு முறையும் ஒரு பதில். நகல் இல்லை என்பதே பத்தொன்பதாம் நாள்தான் தெரிந்தது. ஒன்பதாவது முறை சான்றிதழ் கைக்கு வந்தபோது, சேர்க்கைக்கான கடைசி நாள் முந்தின நாளோடு முடிந்திருந்தது.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. நேராகக் கார்குழலி அக்காவிடம் வந்தார்.

"நேத்தோட முடிஞ்சி போச்சும்மா. இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்ண, மீன் மடிச்சுக் குடுக்கவா? நீயே வெச்சிக்கோ. நீதான இத்த தூக்கிக்கினு மேலயும் கீயயும் நடந்த? எங்கெங்க எத்தினி நாளு தூங்குச்சுன்னு உனக்குத்தான் தெரியும்."

சான்றிதழை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அது உண்மை என்பதுதான் கார்குழலி அக்காவைச் சுட்டது. அவருக்குத் தெரியும். எல்லாக் கையெழுத்தும் விழுந்த பிறகு அந்தக் காகிதம் ஆறு நாள் சீலுக்காகக் கிடந்தது. கண்காணிப்பாளர் விடுப்பில் இருந்தார், இழுப்பறைச் சாவி அவர் பையில் இருந்தது. தாசில்தார் கையெழுத்துப் போட ஆன நேரம் ஒரு நொடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சான்றிதழை எடுத்துக்கொண்டு முகத்துவாரக்குப்பம் போனார். தங்கபுஷ்பம் அதை வாங்கிக்கொண்டார், உள்ளே வா என்று சொல்லவில்லை. சாண்ட்ரா வீட்டில் இல்லை. இறால் உரிக்கும் ஷெட்டுக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.

திங்கட்கிழமை முதல் அக்கா எழுத ஆரம்பித்தார். வீணாய்ப்போன விண்ணப்பப் படிவங்களின் பின்பக்கத்தில், ஒரு மனுவுக்கு ஒரு தாள். எந்த மேஜைக்கு எந்தத் தேதி போனது, எந்தத் தேதி எழுந்தது. உண்மையில் ஒருவர் அந்தக் காகிதத்தைப் படித்து எழுதிய நேரம் எத்தனை நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினார். நாங்கள் அவர் வீட்டுச் சாமான் பட்டியல் எழுதுகிறார் என்று நினைத்தோம்.

இந்த யோசனை அவருடைய கணவர் பரசுராமன் வேலை செய்த இடத்திலிருந்து வந்தது. எண்ணூரில் லாரி செய்யும் தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே ஜப்பான்காரர்களின் முறை என்று ஒரு பயிற்சி நடந்தது. ஒரு பாகம் எத்தனை அடி நகர்கிறது, எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது என்று அளப்பார்கள். தப்பு கண்ணில் பட்டால் அங்கேயே வேலையை நிறுத்த வேண்டும், அடுத்த ஆளிடம் தள்ளிவிடக் கூடாது. இதையெல்லாம் அவர் வீட்டில் திட்டிக்கொண்டே சொல்லியிருக்கிறார். அதனால்தான் மனைவி கடுதாசி கடுதாசியாக எழுதுவதைப் பார்த்ததும் அவருக்கு எரிச்சல் வந்தது. அந்தச் சண்டையை அக்காவே எனக்குப் பின்னாளில் சொன்னார்.

"உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? எங்க கம்பெனில இப்பிடித்தான் அளக்க ஆரம்பிச்சாங்க. அப்பால கான்ட்ராக்ட் ஆளுங்க நாப்பது பேரு வெளிய. அளக்கறதே ஆளைக் கொறைக்கத்தான்."

"நான் ஆளைக் கொறைக்கலயே. அலைச்சலைக் கொறைக்கறேன். மீன்காரம்மா ஒன்பது தபா வந்துச்சே, அந்த எட்டு தபாவைத்தான் வெளிய அனுப்பப் போறேன்."

பரசுராமன் தாள்களை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தாராம். பிறகு சொன்னாராம்: "பேரு எயுதாத. எவன் தூங்கினான்னு எயுதுனா சண்டைதான் வரும். கடுதாசி எங்க தூங்குச்சு, அத்த மட்டும் எயுது."

செப்டம்பரில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அக்கா அறுபது தாள்களை என் மேஜையில் வைத்தார்.

"எல்சிம்மா, கொஞ்சம் கூட்டிப் பாருங்க. எனுக்குத் தப்பாப் பட்டுச்சு, மூணு தபா கூட்டிட்டேன்."

நானும் கூட்டினேன். தப்பு இல்லை. ஒரு சாதிச் சான்றிதழுக்கு மனிதர்கள் உண்மையில் செய்கிற வேலை நாற்பது நிமிடம். அது வெளியே வர ஆகிற நாள் சராசரியாக முப்பத்தொன்று. ஒரு மனு பதினான்கு முறை கைமாறுகிறது. பாதிக்கு மேற்பட்ட மனுக்கள் ஏதோ ஒரு நகல் இல்லை என்று திரும்பி வருகின்றன, அதுவும் இரண்டு வாரம் கழித்து.

தாள்களின் தலையில், முதல் வரியில், "ஸ்டூல் – இரண்டரை நாள்" என்று எழுதியிருந்தது.

"இது யாரு?" என்றேன்.

"நான்தான். கட்டு சேரட்டும்னு உக்காந்துகினு இருப்பேன். முட்டி வலி பாருங்க, அம்பது சேந்தா ஒரே தபாவா ஏறிடலாம்னு. அந்த அம்பதுல மொதல்ல வந்தவன் இன்னா பாவம் பண்ணான்? ரெண்டு நாளு என் பக்கத்துல தூங்கிக் கெடக்கறான்."

அதைக் கேட்டபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. அலுவலகத்தில் ஒருவர் தன் தவறை முதல் வரியில் எழுதி நான் பார்த்ததே இல்லை. என் டைப்ரைட்டருக்குப் பக்கத்திலும் ஒரு கட்டு இருந்தது.

யாரிடமும் அனுமதி கேட்காமல், தன் கைக்குள் அடங்கியதை மட்டும் அவர் மாற்றினார். கட்டு சேரும்வரை உட்காராமல் அரை மணிக்கு ஒரு முறை மாடி ஏறினார். பத்து காகிதமோ இரண்டு காகிதமோ, இருந்ததை எடுத்துக்கொண்டு. அடுத்து, ஸ்டூலை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். மனுவோடு வரும் ஒவ்வொருவரையும் நிறுத்தி, "ரேஷன் கார்டு நகல் கீதா? பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டு? அப்பாவோட பழைய சர்ட்டிபிகேட்டு? இல்லையா, இப்பவே போய் எடுத்துக்கினு வா, வரிசைல உன் எடம் போவாது" என்பார். பத்தொன்பதாம் நாள் தெரிய வேண்டியது முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்தது.

மூன்றாவதாக என்னிடம் வந்தார். என்னென்ன காகிதம் வேண்டும் என்று தெளிவாக ஒரு பட்டியல் வேண்டும் என்றார்.

"உத்தரவு இல்லாம எப்பிடி அடிக்கறது?" என்றேன்.

"உத்தரவு போட்டுத்தான் இந்த சனம் அலையுதா?" என்றார்.

நான் அடித்தேன். மதிய நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, கார்பன் வைத்து இருபது பிரதி. அவை ரேஷன் கடைகளிலும், டீக்கடைச் சுவரிலும், குப்பத்து மாதா கோவில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டன.

டிசம்பரில் மறுபடி கூட்டிப் பார்த்தோம். முப்பத்தொன்று பதினேழாக இறங்கியிருந்தது. மேலே இருந்த ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு பியூன் மாடி ஏறியதிலும் வாசலில் உட்கார்ந்ததிலும் பதினான்கு நாள் குறைந்திருந்தது.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று நினைக்க வேண்டாம். எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர்கள், 'உள்ளே சொல்லி முடித்துத் தருகிறேன்' என்பவர்கள், அவர்களுக்கெல்லாம் ஜனங்களின் அலைச்சல்தான் பிழைப்பு. அவர்களில் ஒருவர் வாசலில் நின்று, "இன்னாம்மா, கலெக்டரு ஆயிட்டியா?" என்று கேட்டார். அக்கா, "நான் பியூனாவே கீறேன். நீ இன்னாவா கீற, அத்த சொல்லு" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த ஆள் அன்றைக்கே மாடிக்குப் போய்க் கண்காணிப்பாளரைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது.

மிச்சமிருந்த பதினேழு நாளில் ஐந்து நாள் சீலுக்கானது. அதற்கு அக்காவின் கை போதாது. ஒரு நாள் கண்காணிப்பாளரின் மேஜைக்கு முன் போய் நின்றார்.

"சார், சீலைக் கீய தாசில்தார் ஐயா ரூம்ல வெச்சிட்டா, கையெழுத்துப் போட்ட கையோட குத்திடலாம்."

கண்காணிப்பாளர் பேனாவை மூடி வைத்தார். "சீல் எங்க இருக்கணும்னு பியூன் சொல்றதா?"

"பியூனு சொல்லல சார். கடுதாசி சொல்லுது. தோ, அறுபது கடுதாசி." தாள்களை நீட்டினார்.

அவர் அவற்றை வாங்கிப் புரட்டினார். மேஜை, தேதி, நிமிடம். முகம் மாறியது. "இதை யார் எழுதச் சொன்னது? ஆபீஸ் விவகாரத்தைக் குறிப்பெடுத்து வெச்சிருக்கியா? யாருக்குக் குடுக்க?"

தாள்கள் திரும்பக் கிடைக்கவில்லை. ஜனவரியில் குறிப்பாணை வந்தது. பணிக்கு அப்பாற்பட்ட செயல், அலுவலக ரகசியங்களைக் குறிப்பெடுத்தது, அனுமதியின்றி அறிவிப்பு ஒட்டியது என்று மூன்று குற்றச்சாட்டு. மூன்றாவதை டைப் அடிக்கும்போது பாதியில் நிறுத்தி, விழுந்த எழுத்துகளைப் பார்த்தேன். அந்தப் பட்டியலை அடித்த அதே டைப்ரைட்டர். அதில் 'க' எழுத்து கொஞ்சம் மேலே தூக்கி நிற்கும். எந்தக் குழந்தையும் இரண்டையும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடும். கண்காணிப்பாளரும் கண்டுபிடித்திருப்பார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அடிக்க மட்டும் சொன்னார். நானும் வாய் திறக்கவில்லை. கண்காணிப்பாளர் அக்காவிடம் "யாரு அடிச்சுக் குடுத்தது?" என்று கேட்டபோது, "அச்சு தெரிஞ்சவங்க ஊர்ல ஆயிரம் பேரு கீறாங்க" என்றார்.

பதில் எழுத அவருக்குப் பதினைந்து நாள். சங்கத்துக்காரர் ஒருவர் வழக்கமான பதிலை எழுதித் தருகிறேன் என்றார்: 'தெரியாமல் செய்துவிட்டேன், கருணை கூர்ந்து.' வேண்டாம் என்று சொல்லித் தன் கையாலேயே எழுதினார். அதை அலுவலக நகலுக்காக டைப் அடித்தவளும் நான்தான். அதனால் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"நான் பியூன். மனுக்களைத் தூக்கிச் செல்வது என் வேலை. தூக்கிச் செல்கிற பொருள் எங்கே நின்றுபோகிறது என்று பார்ப்பதும் தூக்குகிறவள் வேலைதான். நான் எழுதி வைத்தது ரகசியம் என்று சொல்லியிருக்கிறீர்கள். மனு கொடுத்தவருக்கே தெரியக் கூடாத ரகசியம் அதில் எது என்று சொன்னால் அதை மட்டும் அழித்துவிடுகிறேன். அதில் எழுதியிருக்கும் முதல் தவறு என்னுடையது. நான் அதைத் திருத்திக்கொண்டேன். மற்றவற்றையும் திருத்தலாம்."

"கடைசி வரிய எடுத்துடு குழலி. கோபம் வரும்" என்றேன்.

"அதுக்குத்தான எல்சிம்மா மத்த வரி எல்லாம்?"

மார்ச் மாதம் விசாரணை. வேறு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஓய்வு பெற ஒரு வருடம் மிச்சமிருந்தவர், மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுவார். என்னைச் சுருக்கெழுத்துக்கு உட்கார வைத்தார்கள். கண்காணிப்பாளர் அரை மணி நேரம் பேசினார். எல்லாம் நடைமுறைப்படிதான் நடக்கிறது, தாமதம் எதுவும் இல்லை, இந்தப் பெண் வெளியாட்களின் தூண்டுதலில் செய்கிறாள்.

அதிகாரி அக்காவைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

"சார், பேசி ஒண்ணும் ஆவாது. ஒரு மனுவை எடுத்துக்கினு என் கூட நடங்க. அது எங்கெல்லாம் போவுதோ அங்கெல்லாம் நாம போவோம்."

கண்காணிப்பாளர் எழுந்துவிட்டார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லிக் கையமர்த்தினார். "எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"அதத்தான் சார் யாரும் பாத்ததே இல்ல."

அவர் ஒரு மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். நான் நோட்டோடு பின்னால் போனேன். தபால் பிரிவிலிருந்து மாடி. பதிவேட்டிலிருந்து கீழே. கீழேயிருந்து ஆய்வாளர் மேஜைக்கு மறுபடி மாடி. ஒவ்வொரு மேஜையிலும் நின்று, "இங்க இதுக்கு என்ன செய்வீங்க? எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். இரண்டு நிமிடம் என்றார்கள், ஐந்து நிமிடம் என்றார்கள். முழு அலுவலகமும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. மார்ச் வெயிலில் அந்தக் கட்டடம் வேகும். சீலுக்காக மாடி ஏறும்போது பாதிப் படியில் அவர் உட்கார்ந்துவிட்டார். கையில் மனு, நெற்றியில் வேர்வை.

"தெனம் எத்தனை தடவைம்மா ஏறுற?"

"இப்ப பதினாறு பதினேழு தபா சார். முன்ன நாலு தபாதான். அப்ப எனுக்கு சொகம், சனத்துக்குக் கஷ்டம்."

அவர் சிரிக்கவில்லை. மனுவின் பின்பக்கத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் கதை நல்லபடி முடிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். முடியவில்லை. மாலையில் அதிகாரி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். நான் மட்டும் இருந்தேன். "நீ சொல்றது சரிதாம்மா. ஆனா அனுமதி இல்லாம செஞ்சது விதிப்படி தப்பு. வருத்தம் தெரிவிக்கிறேன்னு ஒரு வரி எழுதிக் குடு. நான் இதோட ஃபைலை மூடிடறேன். உன் பதவி உயர்வுக்கு ஒரு குந்தகமும் வராது" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அந்த ஒரு வரியைக் கண்காணிப்பாளர் காலையிலேயே என்னிடம் டைப் அடிக்கச் சொல்லி வைத்திருந்தார். கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டு, தேதி போட்டு, என் நோட்டுக்குள் இருந்தது. எடுத்து நீட்டினேன்.

அக்கா படித்தார். எழுத்துக்கூட்டி, நிதானமாக.

"சார், நான் இதுல கையெழுத்துப் போட்டா அந்த முப்பத்தொரு நாளும் சரின்னு ஆயிடும். ஒரு பொண்ணு இன்னைக்கு எறா உரிச்சிக்கினு கீது. நான் வருத்தப்பட வேண்டியது அதுக்கு. அத்த எயுதச் சொல்லுங்க, இங்கயே எயுதறேன். மாடி ஏறுனதுக்கு வருத்தம் எயுத மாட்டேன்."

"ஒரே ஒரு வரிம்மா."

"அதான் சார். ஒரே ஒரு வரியா இருந்தாலும் பொய்யி."

காகிதம் என் கைக்குத் திரும்பி வந்தது. "அக்கா, யோசிங்க" என்றேன். அந்த வார்த்தை எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் வேலைக்கு வந்த பத்து வருஷத்தில் முதல்முறையாக நாற்காலியிலிருந்து ஒருத்தி அவரை அக்கா என்றிருக்கிறாள்.

"யோசிச்சிட்டேன் எல்சி" என்றார்.

மே மாதம் உத்தரவு வந்தது. குற்றச்சாட்டுகளில் இரண்டு நிரூபணம். பதவி உயர்வு மூன்று வருடம் ஒத்திவைப்பு. கூடவே மாறுதல், எண்ணூர்க் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், மீஞ்சூர்த் திசையில் ஓர் அலுவலகத்துக்கு. வியாசர்பாடியிலிருந்து ஒன்றரை மணி நேரம். அதே உறையில் இன்னொரு கடிதமும் இருந்தது, அலுவலகத் தலைவருக்கு. விசாரணை அதிகாரியின் பரிந்துரை: சீல் இனிமேல் தாசில்தார் அறையில் இருக்க வேண்டும், பதிவேடு தபால் பிரிவுக்கு இறங்க வேண்டும்.

ஆக, சீல் கீழே வந்தது. அதைக் கீழே வரவழைத்தவர் வெளியே போனார். அக்கா விடைபெற்ற அன்று தாசில்தார் அறையை எட்டிப் பார்த்து, சீல் மேஜை மேல் இருப்பதைக் கண்டு, "கீதா? சரி" என்றார். வாசலில் பரசுராமன் சைக்கிளோடு நின்றார். "எங்க கம்பெனில இதுக்கு ஒரு டிபன் கேரியர் குடுப்பான், உனுக்கு மாறுதல் குடுத்துட்டானுங்க" என்று சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

சாண்ட்ரா அடுத்த வருடம் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தாள், அதே சான்றிதழோடு. அக்காவிடம் சொன்னபோது, "ஒரு வருஷத்தை யாரு திருப்பிக் குடுப்பா?" என்றார். அதை வைத்து ஆறுதல்பட அவர் ஒருநாளும் சம்மதிக்கவில்லை.

பழைய அலுவலகத்தில் எல்லாம் அப்படியே நிலைத்துவிடவில்லை. வாசலில் யாரும் உட்காரவில்லை, பட்டியல்கள் மழையில் ஊறிக் கிழிந்தன. இருபது நாள், இருபத்திரண்டு நாள் என்று ஏற ஆரம்பித்தது. 2001இல் நான் ஒரு வேலை செய்தேன். பெரிய வேலை இல்லை. அந்தப் பட்டியலை மறுபடி டைப் அடித்து, நகலெடுத்து, நானே வாசலில் ஒட்டினேன். கீழே என் பெயரையும் பதவியையும் அடித்தேன். கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றிருந்தார். புதியவர் கூப்பிட்டு, "யார் உத்தரவு?" என்றார். "என் பேரு போட்டிருக்கேனே சார்" என்றேன். அவர் ஒரு எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டினார். அவ்வளவுதான் நடந்தது. இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று இருந்தது.

2003இல் ஒரு பதிவேட்டைச் சேர்ப்பிக்க அக்காவின் அலுவலகத்துக்குப் போனேன். பதவி உயர்வு அப்போதுதான் வந்திருந்தது, பதிவறை எழுத்தர். ஆனாலும் வாசல் பக்கம்தான் மேஜை போட்டிருந்தார். சுவரில் ஒரு கரும்பலகை. இன்று வந்த மனு எத்தனை, போனது எத்தனை, கடைசியாகப் போனது எந்தத் தேதி வந்து எந்தத் தேதி போனது, கிடப்பதில் மிகப் பழையது எந்தத் தேதி என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. அங்கேயும் முதல் வருடம் மெமோ கொடுத்தார்களாம். "வெச்சிக்கினு கீறேன், ரெண்டு கீது" என்றார், ரேஷன் கார்டைப் பற்றிச் சொல்வதுபோல. அங்கே நாற்பத்தைந்து நாளில் ஆரம்பித்து நான்கு நாளுக்குக் கொண்டுவந்திருந்தார். முட்டிக்கு எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டிருந்தார்.

நான் உட்கார்ந்திருக்கும்போதே வள்ளூரிலிருந்து கெங்கம்மா என்று ஒரு பெண்மணி வந்தார். அனல்மின் நிலையப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவர், சேலையெல்லாம் சிமெண்ட் தூசி. மகனுக்குச் சான்றிதழ். காகிதங்களை அக்கா சரிபார்த்து, எல்லாம் இருக்கிறது, நாலாம் நாள் வந்து வாங்கிக்கொள் என்றார். அந்த அம்மா நகரவில்லை. கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாலு நாளு எதுக்கும்மா? தோ, மூணாம் தேதி குடுத்தது ஆறாம் தேதி போயிருக்குதுன்னு எயுதி வெச்சிருக்கீங்க. அவங்களுக்கு மூணு நாளு, எனுக்கு மட்டும் இன்னாத்துக்கு நாலு?"

பக்கத்து மேஜைக்காரர், "நாப்பத்தஞ்சு நாளு ஆவும்மா முன்னாடி. நாலு நாள்ல தராங்க, கேள்வி கேக்கற" என்று சிடுசிடுத்தார்.

"முன்ன ஆனதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? இப்ப எதுக்கு நாலு?"

கார்குழலி அக்காவின் முகம் மலர்ந்தது. அந்த மாதிரி அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி நடந்து கெங்கம்மாவின் கையைப் பற்றினார்.

"எனுக்கே தெரியலம்மா. அந்த ஒரு நாளு உள்ளதான் எங்கயோ நிக்குது. வா, ரெண்டு பேரும் போய்ப் பாக்கலாம்."

"நான் உள்ள வரலாமா?"

"உன் மனுதான? வா."

சிமெண்ட் தூசி படிந்த அந்தப் பெண்மணியைக் கையோடு கூட்டிக்கொண்டு, எல்லா மேஜைகளையும் தாண்டி, தாசில்தார் அறைக் கதவைத் தட்டாமலே தள்ளித் திறந்தார்.